வழக்கத்தைச் சொல்ல 'யூஸ்ட் டு' போடலாமா? பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

மஞ்சக்குப்பம்_டியூஷன் | திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் காலேஜ் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். அதில் ஒரு பெண்ணுக்கு பாண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஃப்ரன்ட் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கிறது. தன்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். ஒரு வரியில் மட்டும் "இன் மை ஃப்ரீ டைம் ஐ யூஸ்ட் டு ரீட் புக்ஸ்" என்று இருந்தது.

'யூஸ்ட் டு' வேண்டாம்மா, "ஐ ரீட் புக்ஸ்" என்றாலே போதும் என்றேன். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. "மேடம், வெறும் ரீட் என்று போட்டால் ஏதோ இப்போ படிக்கிறேன் என்கிற மாதிரி இருக்கு. வழக்கமா படிப்பேன் என்று சொல்லணுமே" என்கிறாள். பக்கத்தில் இருந்த பையன், ஆம் விட்டுப்போச்சு, "ஐயாம் யூஸ்ட் டு ரீட்" தான் சரி என்றான். இன்னொருத்தி போர்டுக்கே போய் "ஐ யூஸ் டு ரீட்" என்று எழுதினாள். கடைசியில் இருக்கும் டி எழுத்தை எடுத்துவிட்டால் நிகழ்காலம் ஆகிவிடும் என்பது அவள் கணக்கு.

மூன்றும் அந்த இடத்தில் தப்பு என்று சொல்லி, விதியையும் சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் அதே வரி திரும்பி வருகிறது. அதனால் விதி கேட்டு இதை எழுதவில்லை. ஏன் தப்பு என்பது மனசில் தங்குகிற மாதிரி சொல்ல வழி இருக்கிறதா? சொல்லித்தந்து பழக்கமுள்ளவர்கள் எழுதுங்கள்.

லாஸ்பேட்டை_ரவுண்டானா | திங்கள், இரவு 9.41

மேடம், 'யூஸ்ட் டு' என்றால் முன்னாடி செய்தேன், இப்போ இல்லை. அவ்வளவுதான். நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "ஐ யூஸ்ட் டு ப்ளே கிரிக்கெட்" என்று வராத நாளே இல்லை. "ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஹாபி என்கிற இடத்தில் யாரோ ஒருத்தர் எழுதிக்கொடுத்த வரி எல்லா காலேஜுக்கும் பரவிவிட்டது போலிருக்கிறது.

பாகூர்_வாத்தியார் | திங்கள், இரவு 10.35

டீச்சர், உங்கள் மாணவி சொன்ன காரணத்தைத் தள்ளிவிடாதீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. "வழக்கமா படிப்பேன்" என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு அழகாக ஒரு வினை வடிவம் இருக்கிறது: படிப்பேன், போவேன், சாப்பிடுவேன். இலக்கணத்தில் எதிர்காலம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் பேச்சில் அது வழக்கத்தையும் சேர்த்துத் தாங்குகிறது.

"தினமும் சில்வர் பீச்சுக்கு வாக்கிங் போவேன்." இது இப்போதைய வழக்கம்.
"சின்ன வயசில் தாத்தாவோட சில்வர் பீச்சுக்குப் போவேன்." இது எப்போதோ முடிந்துபோன வழக்கம்.
"நாளைக்கு சில்வர் பீச்சுக்குப் போவேன்." இது இனி நடக்கப்போவது.

மூன்றிலும் அதே போவேன். 'தினமும்', 'சின்ன வயசில்', 'நாளைக்கு' என்கிற சொற்கள்தான் காலத்தைக் காட்டுகின்றன. இங்கிலீஷில் இந்த மூன்றும் மூன்று வேறு வடிவங்கள். முதலாவது "ஐ கோ". இரண்டாவது "ஐ யூஸ்ட் டு கோ". மூன்றாவது "ஐ வில் கோ". பிள்ளைகள் ஒரே தமிழ் வடிவத்துக்கு ஒரே இங்கிலீஷ் வடிவம் தேடுகிறார்கள். சிலர் 'யூஸ்ட் டு'வைப் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் 'வில்'லைப் பிடித்துக்கொண்டு "டெய்லி ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்" என்பார்கள். இரண்டும் ஒரே கிளையில் காய்த்தவை.

அடுத்து, 'ரீட்' மட்டும் போட்டால் போதாது என்று அவளுக்கு ஏன் தோன்றுகிறது? தமிழில் "படிக்கிறேன்" என்றால் இந்த நிமிஷம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் கொள்ளலாம். அவள் "ஐ ரீட்" என்பதைப் "படிக்கிறேன்" என்றே மனசுக்குள் மொழிபெயர்க்கிறாள். இங்கிலீஷில் இந்த நிமிஷத்துக்கு "ஐயாம் ரீடிங்" என்று தனியாக இருக்கிறது. "ஐ ரீட்" என்பதன் வேலையே வழக்கத்தைச் சொல்வதுதான். அதாவது அவள் தேடிக்கொண்டிருக்கும் "படிப்பேன்" அந்த மொட்டை "ரீட்"டுக்குள்ளேயே இருக்கிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் 'யூஸ்ட் டு' தேவையில்லை என்று அவளே சொல்லிவிடுவாள். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் "ஐ யூஷுவலி ரீட்" அல்லது "ஐ ரீட் எவ்ரி நைட்" என்று சொல்லட்டும்.

முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தமிழைத் தொடாமல் இதை விளக்கவே முடியாது என்பது என் எண்ணம். இங்கிலீஷ் வகுப்பில் தமிழே வரக்கூடாது என்கிறவர்களோடு நான் இதில் உடன்படுவதில்லை.

மஞ்சக்குப்பம்_டியூஷன் | திங்கள், இரவு 10.52

ஐயா, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வகுப்பில் போவேன், போவேன், போவேன் என்று மூன்று வரியையும் போர்டில் எழுதிப் பார்க்கிறேன். 'யூஸ்ட் டு' சரியாக வரும் வாக்கியங்கள் நம்ம ஊர் விஷயமாகக் கொஞ்சம் கொடுங்களேன். புத்தகத்தில் இருப்பதெல்லாம் ஸ்மோக்கிங் விட்டதும் லண்டனில் குடியிருந்ததுமாகவே இருக்கிறது.

பாகூர்_வாத்தியார் | செவ்வாய், காலை 6.15

நம்ம பக்கத்தில் மாறிப்போனவற்றுக்குப் பஞ்சமா!

"புதுச்சேரி யூஸ்ட் டு பி கால்டு பாண்டிச்சேரி." அதிகாரபூர்வப் பெயர் 2006-ல் மாறியது. (பேச்சில் பாண்டி இன்னும் பாண்டிதான், அதை யாரும் மாற்றவில்லை.)

"கடலூர் யூஸ்ட் டு பி தி ஹெட்குவார்ட்டர்ஸ் ஆஃப் சவுத் ஆற்காட் டிஸ்ட்ரிக்ட்." 1993-ல் தென்னார்க்காடு பிரிந்து கடலூர், விழுப்புரம் என்று இரண்டு மாவட்டங்கள் ஆயின. கடலூர் இன்றும் தலைநகர்தான், ஆனால் தென்னார்க்காட்டுக்கு இல்லை.

"தி ஓல்ட் லைட்ஹவுஸ் யூஸ்ட் டு கைட் ஷிப்ஸ்." இதைப் பிள்ளைகளிடம் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். பாண்டி பீச் ரோட்டில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் கட்டியது. 1979-ல் புதியது வந்ததும் அதன் வேலை நின்றுவிட்டது. கட்டடம் அங்கேயே நிற்கிறது. அப்படியிருக்க 'யூஸ்ட் டு' எப்படி வரும் என்று ஒரு பையனாவது கேட்பான். முடிந்துபோனது வழிகாட்டுகிற வேலை. லைட்ஹவுஸ் முடிந்துபோகவில்லை. 'யூஸ்ட் டு'வுக்குப் பின்னால் எந்த வினை நிற்கிறதோ அதுதான் முடிந்தது என்று காட்டுங்கள்.

நெய்வேலி_பிளாக்_11 | செவ்வாய், காலை 8.02

ஒரு சந்தேகம் சார். எங்க அப்பா என்.எல்.சி.யில் இருந்து ரிட்டயர்டு. யார் கேட்டாலும் "ஐ யூஸ்ட் டு வொர்க் இன் என்.எல்.சி. ஃபார் தர்ட்டி இயர்ஸ்" என்பார். முடிந்துபோன வேலைதானே, அப்போ இது சரிதானே?

பாகூர்_வாத்தியார் | செவ்வாய், காலை 8.30

"ஐ யூஸ்ட் டு வொர்க் இன் என்.எல்.சி." வரைக்கும் ரொம்பச் சரி. முப்பது வருஷம் என்று அளவு சேர்த்தால் "ஐ வொர்க்ட் இன் என்.எல்.சி. ஃபார் தர்ட்டி இயர்ஸ்" என்று சாதாரண இறந்தகாலம் போதும். 'யூஸ்ட் டு' அப்போது அப்படி இருந்தது, இப்போது இல்லை என்று மட்டும் காட்டும். எவ்வளவு காலம், எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்கிற இடத்தில் அது ஒட்டாது. "ஐ யூஸ்ட் டு கோ டு சென்னை த்ரீ டைம்ஸ்" என்பதும் அதனால்தான் தப்பு. "த்ரீ டைம்ஸ் எ வீக்" என்றால் சரி, அது வாராவாரம் நடந்த வழக்கம். அப்பாவிடம் திருத்தச் சொல்ல வேண்டாம், கேட்கிறவர்களுக்கு அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை_சொல்தா_பேரன் | செவ்வாய், மதியம் 1.10

பிரெஞ்சு படித்தவன் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்க வீட்டில் பிரெஞ்சும் தமிழும் கலந்தே ஓடும். பிரெஞ்சில் இறந்தகால வழக்கத்துக்கென்றே இம்பார்ஃபே என்று ஒரு வடிவம் இருக்கிறது. "ஜாலே ஆ லா ப்ளாழ்" என்றால் "பீச்சுக்குப் போவேன், அப்போ" என்று அர்த்தம். "போய்க்கொண்டிருந்தேன்" என்பதற்கும் அதே வடிவம்தான். பாண்டியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளிடம் "இங்கே இம்பார்ஃபே வருமா என்று பார், வந்தால் யூஸ்ட் டு போட்டுப் பார்" என்றால் பாதி வேலை முடிந்துவிடும். "இன் மை ஃப்ரீ டைம்" வரியில் எந்தப் பிள்ளையும் இம்பார்ஃபே போடாது.

ஒரு வித்தியாசம் உண்டு. இம்பார்ஃபே அந்த வழக்கம் நின்றுவிட்டதா என்று எதுவும் சொல்லாது. 'யூஸ்ட் டு' நின்றுவிட்டது என்று சொல்லாமல் சொல்லிவிடும்.

வில்லியனூர்_அக்கா | செவ்வாய், மதியம் 2.45

தம்பி, அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு கேள்வி. நின்றுவிட்டது என்பது எப்போதும் கட்டாயமா? "ஷி யூஸ்ட் டு சிங் அட் தி டெம்பிள், அண்ட் ஷி ஸ்டில் டஸ்" என்று இங்கிலீஷ்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். நின்றுவிட்டது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தால், "ஸ்டில் டஸ்" என்று சேர்க்கும்போது வாக்கியம் முட்டிக்கொள்ள வேண்டுமே?

பாகூர்_வாத்தியார் | செவ்வாய், மாலை 4.20

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நின்றுவிட்டது என்பது கேட்கிறவர் தானாக எடுத்துக்கொள்வது. "ஸ்டில் டஸ்" என்று வாய்விட்டுச் சொன்னால் அதை விலக்கிவிடலாம். சொல்லாமல் விட்டால் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். இன்டர்வியூவில் உட்காருகிற பெண் "அண்ட் ஐ ஸ்டில் டூ" என்று சேர்க்கப்போவதில்லை. அதனால் வகுப்பில் "இப்போ இல்லை" என்றே சொல்லிக்கொடுங்கள். இந்த நுணுக்கம் பிறகு வரட்டும்.

முதுநகர்_துறைமுகம் | செவ்வாய், இரவு 8.05

அந்தப் பையன் சொன்ன "ஐயாம் யூஸ்ட் டு ரீட்" பற்றி யாரும் பேசவில்லையே? என் தங்கச்சிக்கும் இதே குழப்பம். ஆம், இஸ், ஆர் எல்லாம் எப்போ வரும்?

பாகூர்_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.10

நீங்கள் முதுநகர் என்பதால் மீன்பிடித் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம்.

"மை பிரதர் யூஸ்ட் டு வேக் அப் அட் த்ரீ." தம்பி முன்னாடி விடிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பான், கடலுக்குப் போவான். இப்போ போவதில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டான் போல.

"மை பிரதர் இஸ் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் த்ரீ." மூன்று மணிக்கு எழுந்திருப்பது அவனுக்குப் பழகிப்போச்சு. அவனுக்கு அது கஷ்டமே இல்லை.

ஒரு 'இஸ்' வந்து, 'வேக்' என்பது 'வேக்கிங்' ஆனதும் தம்பியின் பிழைப்பே வேறாகிவிட்டது பாருங்கள். முதலாவது முடிந்துபோன வழக்கம். இரண்டாவது உடம்புக்கும் மனசுக்கும் பழகிப்போனது. பழகிப்போச்சு, பழகிக்கொண்டிருக்கிறேன், பழகிவிடும் என்று தமிழில் எங்கெல்லாம் வருகிறதோ, இங்கிலீஷில் அங்கெல்லாம் இந்த இரண்டாவதுதான். "ஐயாம் கெட்டிங் யூஸ்ட் டு இட்" என்றால் பழகிக்கொண்டு வருகிறேன்.

இங்கே 'டு'வுக்குப் பின்னால் 'இங்' ஏன் வருகிறது? இரண்டு 'டு'வும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் 'டு' வினையோடு சேர்ந்தது. இரண்டாவதில் அது நம்ம நான்காம் வேற்றுமை 'கு' மாதிரி வேலை செய்கிறது. எதற்குப் பழகிப்போச்சு? இருட்டுக்கு, வெயிலுக்கு, எழுந்திருப்பதற்கு. "எழுந்திருக்குக்கு" என்று தமிழில் சொல்ல முடியாது, "எழுந்திருப்பதற்கு" என்று வினையைப் பெயராக்கித்தான் 'கு' போடுகிறோம். இங்கிலீஷும் அதையே செய்கிறது. பெயராக்கும் அந்த வேலையை 'இங்' செய்கிறது.

சோதித்துப் பார்க்க, 'டு'வுக்குப் பின்னால் "இட்" என்று போட்டுப் பாருங்கள். "ஐயாம் யூஸ்ட் டு இட்" நிற்கிறது. அப்போ 'இங்' வரும். முடிந்துபோன வழக்கத்தைச் சொல்லும் "ஐ யூஸ்ட் டு" பின்னால் "இட்" போட்டால் நிற்காது. அங்கே 'இங்' வராது.

மஞ்சக்குப்பம்_டியூஷன் | செவ்வாய், இரவு 9.25

ஐயா, இந்த 'கு' விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வேலை என்பதால் நைட் டியூட்டி பற்றிக் கண்டிப்பாகக் கேட்பார்கள். "நைட் டியூட்டி பழக்கம்தான்" என்று அவள் சொல்ல வேண்டுமென்றால் "ஐயாம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்". சரிதானே?

பாகூர்_வாத்தியார் | செவ்வாய், இரவு 9.31

அதேதான். "ஐயாம் யூஸ்ட் டு நைட் டியூட்டி" என்றும் சொல்லலாம். ஆனால் "ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம், முன்னாடி பார்த்தேன், இப்போ முடியாது என்று எடுத்துக்கொள்வார்கள். வேலையே கையை விட்டுப் போகிற இடம் அது.

லாஸ்பேட்டை_ரவுண்டானா | செவ்வாய், இரவு 10.05

அப்போ "திஸ் நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் ஃபிஷ்" என்பது? இஸ் இருக்கிறது, 'இங்' இல்லையே. இது தப்பா?

பாகூர்_வாத்தியார் | புதன், காலை 6.05

சரியான வாக்கியம், ஆனால் குடும்பமே வேறு. இது "பயன்படுத்தப்படுகிறது". மீன் நறுக்க இந்தக் கத்தி பயன்படுகிறது. கத்திக்கு எதுவும் பழகிப்போகவில்லை. எழுத்தில் ஒரே மாதிரி இருந்தாலும் ஒலியில் இரண்டும் வேறு. கத்தி வாக்கியத்தில் நடு எழுத்து வண்டு ரீங்காரம் போடுகிற மாதிரி அதிரும், கடைசியில் டி ஒலி கேட்கும். வழக்கத்தையும் பழக்கத்தையும் சொல்லும் 'யூஸ்ட் டு'வில் அந்த அதிர்வு கிடையாது. நம்ம 'பஸ்' என்கிற சொல்லின் 'ஸ்' மாதிரி வெறும் காற்றாக வரும். அடுத்து வரும் இரண்டு எழுத்தும் ஒட்டிப்போய் "யூஸ்டு" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். தமிழ் எழுத்தில் இந்த அதிர்வைக் காட்ட வசதி இல்லை, வாயால்தான் சொல்லிக்காட்ட வேண்டும்.

உங்கள் மூன்றாவது மாணவி டி இல்லாமல் எழுதியதற்கும் காரணம் இந்த ஒட்டல்தான், டீச்சர். காதில் அந்த டி விழாது. சாதாரண வாக்கியத்தில் டி எழுதியே ஆக வேண்டும். 'டிட்' வந்தால் மட்டும் விட வேண்டும்: "டிட் யூ யூஸ் டு லிவ் இன் பாண்டி?", "ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் ஃபிஷ்". டி எடுத்தால் நிகழ்காலம் ஆகும் என்பது மட்டும் நடக்காது. இந்த 'யூஸ்ட் டு'வுக்கு நிகழ்காலமே கிடையாது.

வில்லியனூர்_அக்கா | புதன், காலை 9.40

'வுட்' பற்றியும் சொல்லிவிடுங்கள். "எவ்ரி சண்டே வீ வுட் கோ" என்று கதைகளில் வருகிறதே.

பாகூர்_வாத்தியார் | புதன், காலை 11.15

திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு வுட் வரும், நிலைக்கு வராது. "மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு வொர்க் இன் தி மில். ஹி வுட் சைக்கிள் டு வொர்க் எவ்ரி டே." முதல் வரியில் 'யூஸ்ட் டு' போட்டு எந்தக் காலம் என்று காட்டிவிட்டு, அடுத்த வரியில் இருந்து வுட் போடுவது வழக்கம். "தேர் யூஸ்ட் டு பி எ மில் ஹியர்" என்கிற இடத்தில் வுட் போடக்கூடாது, அது செயல் இல்லை. பாண்டிப் பிள்ளைகளுக்கு மில் உதாரணம் நன்றாகப் புரியும். ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடும்வரை எத்தனை வீட்டில் அந்தச் சோறு.

மஞ்சக்குப்பம்_டியூஷன் | புதன், இரவு 9.15

இன்று வகுப்பு நடந்தது, எழுதிவிடுகிறேன். மூன்று "போவேன்" வரிகளையும் போர்டில் போட்டேன். நான் இங்கிலீஷ் சொல்வதற்கு முன்னாலேயே அந்தப் பெண், "மேடம், அப்போ ஐ ரீட் என்றாலே படிப்பேன் தானா?" என்று கேட்டுவிட்டாள்.

பிறகு, உங்கள் வீட்டில் முன்னாடி இருந்து இப்போ இல்லாத ஒன்றை எழுதுங்கள் என்றேன். ஒருத்தி "மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு செல் ஃபிஷ் இன் முதுநகர்" என்று எழுதினாள். பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து, "ஏய், ஆயா நேத்துகூட கூடையோட போச்சே" என்றான். முழங்கால் வலி வந்ததில் இருந்து தினமும் போவதில்லை, வாரத்தில் சில நாள் போகிறார்களாம். அப்போ என்ன எழுதுவது என்று வகுப்பே சண்டை போட்டது. கடைசியில் அந்தப் பெண்ணே "ஷி யூஸ்ட் டு செல் ஃபிஷ் எவ்ரி டே. நவ் ஷி கோஸ் ட்வைஸ் எ வீக்" என்று இரண்டு வரியாக எழுதினாள். முடிந்துபோனது 'எவ்ரி டே' மட்டும்தான், விற்பது முடியவில்லை என்று அவள் விளக்கம் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் அவ்வளவு தூரம் சொல்லித்தரவே இல்லை.

இன்டர்வியூ வரியை இப்படி மாற்றியிருக்கிறாள்: "ஐ ரீட் தமிழ் நாவல்ஸ் பிஃபோர் கோயிங் டு பெட். ஐ யூஸ்ட் டு ப்ளே த்ரோபால் இன் ஸ்கூல்." த்ரோபால் ஸ்கூலோடு நின்றுவிட்டது, அதனால் அங்கே வேண்டும் என்று அவளே சொன்னாள்.

பாகூர்_வாத்தியார் | புதன், இரவு 9.50

ஆயா வாக்கியத்தை நான் இனி எங்கே பாடம் எடுத்தாலும் சொல்வேன், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு வரியும் குறையில்லாமல் இருக்கின்றன. அவளை எந்த நாவல் என்று கேட்பார்கள், ஒரு பெயரும் அதில் பிடித்த ஒரு இடமும் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

முதுநகர்_துறைமுகம் | புதன், இரவு 10.20

சார், அதே "இட்" சோதனையை வைத்து ஒன்று கேட்கிறேன். மெயில் கடைசியில் "ஐயாம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று தங்கச்சி எழுதுகிறாள். "லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது. அப்போ "மீட்டிங் யூ" என்றுதான் இருக்க வேண்டுமா?

பாகூர்_வாத்தியார் | புதன், இரவு 10.34

ஆமாம், "மீட்டிங் யூ". அந்த 'டு'வும் நம்ம 'கு'தான். "அப்ஜெக்ட் டு" கூட இதே வகை. இதற்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, இந்த மாதிரி 'டு' இன்னும் நிறைய இருக்கிறது, இங்கே எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.